உடைத்துப் பழக ஒரு கணினி

சென்ற ஆண்டு தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது இது. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். அக்காவிடமிருந்து ஏழு தவறிய அழைப்புகள். ஏழு முறை அழைத்திருக்கிறார் என்றால் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்றுதானே மனம் போகும்? பதறிப்போய்த் திரும்ப அழைத்தேன்.

"உன் அக்கா மகன் பண்ணி வச்சிருக்கிற வேலையை வந்து பாரு. கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல. எல்லாம் போச்சு" என்றார்.

அக்கா கிள்ளானில் வீட்டிலிருந்தபடியே முறுக்கும் நெய் உருண்டையும் செய்து விற்கிறார். யார் எத்தனை போத்தல் கேட்டார்கள், யார் முன்பணம் கட்டினார்கள், எந்தத் தாமானில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற விவரமெல்லாம் வீட்டில் இருந்த அந்த ஒரே மடிக்கணினியில்தான். அவர் மகன் பாலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறான். லினக்ஸ் பழக வேண்டும் என்று, அதே கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதையும் நிறுவப் பார்த்திருக்கிறான். நடுவில் வந்த ஒரு திரையில், வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவும் வழி முதலில் இருந்திருக்கிறது. இரவு ஒரு மணித் தூக்கக் கலக்கத்தில், சரியாகப் படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்திவிட்டான்.

தீபாவளிப் பட்டியலை வாட்ஸ்அப் செய்திகளைப் பார்த்துப் பார்த்து மூன்று இரவில் மீண்டும் எழுதிவிட்டோம். நான்கு ஆண்டுக் கணக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை.

அதைவிடப் பெரிய இழப்பு பிறகுதான் தெரிந்தது. பையன் கணினியைத் தொடவே பயந்தான். வகுப்பில் விரிவுரையாளர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதோடு சரி. வீட்டில் செய்து பார்ப்பதில்லை. "வானொலியில ஊருக்கே புத்தி சொல்ற, இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லேன்" என்று அக்கா அவனை என் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்.

வந்தவன் ஒரு தாளை நீட்டினான். அதில் ஏழு பெயர்கள். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி, கேவிஎம், ப்ராக்ஸ்மாக்ஸ் என்று நீண்டது பட்டியல்.

"மெய்நிகராக்கம் படிக்கச் சொல்றாங்க, சின்னம்மா. இதுல எதைப் படிக்கிறதுன்னே தெரியல. மூணு வாரமா காணொளியா பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

"எத்தனையை நிறுவிப் பார்த்த?"

"ஒண்ணும் இல்ல."

இந்த வாரப் பத்தி அந்தத் தாளைப் பற்றியதுதான். உங்கள் வீட்டிலும் கணினித் துறையில் கால் வைக்கும் ஒரு பிள்ளை இருக்கலாம். அல்லது வேலை மாறலாம் என்று நீங்களே யோசித்துக்கொண்டிருக்கலாம்.

சிவப்பு விளக்கு எரியாத அறை

நான் ஊடகத் துறையில் பட்டப்படிப்பு படித்தபோது பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்கென்று ஓர் ஒலிப்பதிவு அறை இருந்தது. உண்மையான ஒலிவாங்கி, உண்மையான ஒலிக்கலவைக் கருவி, சுவரில் சிவப்பு விளக்கு, எல்லாம் உண்டு. ஒலிபரப்பிக்கான இணைப்பு மட்டும் கிடையாது. அங்கே நான் செய்திக்கு நடுவில் பாட்டை ஓடவிட்டிருக்கிறேன். ஒரே விளம்பரத்தை மூன்று முறை போட்டிருக்கிறேன். பேச்சாளரின் ஒலியை மூடிவிட்டு, அவர் ஏன் பேசவில்லை என்று விழித்திருக்கிறேன். யார் காதிலும் விழவில்லை. அந்தத் தவறுகளை எல்லாம் அங்கே செய்து தீர்த்ததால்தான் இன்று நேரலையில் கை நடுங்காமல் உட்கார முடிகிறது.

மெய்நிகர் கணினியும் அப்படி ஓர் அறைதான். உங்கள் கணினிக்குள் ஒரு மென்பொருளை நிறுவுகிறீர்கள். அது உங்கள் செயலியிலும் நினைவகத்திலும் ஒரு பங்கை எடுத்து, உள்ளே இன்னொரு கணினியை உருவாக்கித் தருகிறது. உள்ளே ஓடும் லினக்ஸுக்குத் தான் ஒரு தனிக் கணினியில் ஓடுவதாகவே நினைப்பு. அது தன்னுடைய வட்டு என்று எண்ணுவது, வெளியே உங்கள் கணினியில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே வட்டை முழுவதும் அழித்தாலும் அந்த ஒரு கோப்பின் உள்ளடக்கம்தான் போகும். அம்மாவின் முறுக்குக் கணக்கு இருந்த இடத்தில் இருக்கும்.

இது புதிய சங்கதி ஒன்றும் இல்லை. ஒரே பெருங்கணினியைப் பலரும் தனித்தனிக் கணினி போலப் பயன்படுத்த 1960களிலேயே ஐபிஎம் நிறுவனத்தார் வழி கண்டார்கள். 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அதை வணிகத்துக்குக் கொண்டுவந்தார்கள். விஎம்வேர் நிறுவனம் 1999இல் தன் முதல் மென்பொருளை வெளியிட்ட பிறகு, நம் மேசைக் கணினியிலும் அது சாத்தியமானது. நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் நிலையத்தில். பழைய ஒலிப்பேழைகளைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்று பழைய விண்டோஸில்தான் ஓடும். அந்தக் கணினி ஆயுளை முடித்துக்கொண்டபோது, எங்கள் பொறியாளர் அண்ணன் அதை அப்படியே புதுக் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியாகக் குடியேற்றிவிட்டார். பழைய குரல்களை இன்றும் அங்கிருந்துதான் எடுக்கிறோம்.

அக்கா மகனை உட்கார வைத்துக்கொண்டு அந்த அண்ணனுக்குத்தான் அழைத்தேன். "எது சிறந்ததுன்னு கேட்காதீங்க. அவன்கிட்ட என்ன கணினி இருக்குன்னு முதல்ல கேளுங்க" என்றார். அன்று மாலை முழுக்க அந்த ஒரு வரியை வைத்துத்தான் பட்டியலைக் குறைத்தோம்.

முதலில் எதை ஒதுக்குவது?

இந்த மென்பொருள்களில் இரண்டு வகை. ஒன்று, உங்கள் விண்டோஸ் அல்லது மேக்கின் மேல் மற்றச் செயலிகளைப் போலவே உட்காரும். தேவையில்லை என்றால் நீக்கிவிடலாம். விர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனும் இந்த வகை. இன்னொன்று, கணினியை முழுவதுமாகத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ, ஆஸ்திரிய நாட்டில் உருவான ப்ராக்ஸ்மாக்ஸ் ஆகியவை இந்த வகை. நிறுவனங்களின் சர்வர் அறைகளில் இருப்பவை இவைதான்.

அக்கா மகன் ப்ராக்ஸ்மாக்ஸ் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு வைத்திருந்தான். "உண்மையான வேலைக்காரங்க இதைத்தான் பயன்படுத்துவாங்களாம்." உண்மைதான், நல்ல மென்பொருள். கட்டணம் இல்லாமலும் கிடைக்கிறது. ஆனால் அதை நிறுவினால், நாம் காட்டும் வட்டில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுத்தான் உட்காரும். அக்காவின் மடிக்கணினியில் அதை ஏற்றியிருந்தால் இரண்டாவது முறையும் ஏழு அழைப்பு வந்திருக்கும். வீட்டில் யாரும் தொடாத பழைய மேசைக் கணினி இருந்தால் மட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ். குடும்பத்துக்கு ஒரே கணினி என்றால் முதல் வகையோடு நில்லுங்கள்.

உங்கள் கணினி எது?

விண்டோஸ் ஹோம் பதிப்பா? கடையில் வாங்கும் பல மடிக்கணினிகளில் இதுதான் இருக்கும். இதில் ஹைப்பர்-வி கிடையாது. விர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ, இரண்டில் ஒன்று. இரண்டும் இப்போது இலவசம். விஎம்வேரை 2023இல் பிராட்காம் நிறுவனம் வாங்கியது. வொர்க்ஸ்டேஷன் புரோவை 2024 மே மாதத்தில் சொந்தப் பயன்பாட்டுக்கும், அதே ஆண்டு நவம்பரில் எல்லாருக்கும் இலவசமாக்கியது. பதிவிறக்க அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸுக்குக் கணக்கு எதுவும் வேண்டாம். அது 2007இலிருந்து திறமூல மென்பொருள், இப்போது ஆரக்கிளின் பராமரிப்பில் இருக்கிறது. அதோடு தனியாகத் தரப்படும் நீட்டிப்புத் தொகுப்பு மட்டும் சொந்தப் பயன்பாட்டுக்கும் கல்விக்கும்தான் இலவசம். அலுவலகக் கணினியில் அதை ஏற்றிவிடாதீர்கள். தொடக்க நிலையில் அது தேவையும் படாது.

விண்டோஸ் புரோ பதிப்பா? ஹைப்பர்-வி ஏற்கெனவே உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுப்பினால் போதும். விண்டோஸ் சர்வர் பக்கம் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு நல்ல தொடக்கம்.

ஆப்பிளின் சொந்தச் செயலி உள்ள மேக்கா? யூடிஎம் அல்லது விஎம்வேர் ஃப்யூஷன். இந்த மேக்குகளின் செயலி ஏஆர்எம் வகை என்பதால், உள்ளே ஏற்றும் லினக்ஸும் ஏஆர்எம் பதிப்பாக இருக்க வேண்டும். இது தெரியாமல் தவறான கோப்பைப் பதிவிறக்கிவிட்டு, மென்பொருள் சரியில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு.

ஏற்கெனவே லினக்ஸ் பயன்படுத்துபவரா? 2007இலிருந்து லினக்ஸின் கருவுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம் போதும்.

லினக்ஸ் கட்டளைகளை மட்டும் பழகினால் போதும் என்பவர்களுக்கு விண்டோஸிலேயே டபிள்யூஎஸ்எல் என்ற வசதி உண்டு. ஹோம் பதிப்பிலும் ஓடும். ஆனால் கணினிகளை உருவாக்கி, இணைத்து, உடைத்துப் பார்க்கும் பயிற்சி அதில் கிடைக்காது.

இனி நினைவகம். உங்கள் கணினியில் இருப்பதில் பாதிக்கு மேல் உள்ளே கொடுக்காதீர்கள். 8 ஜிபி இருந்தால் 4 ஜிபி கொடுத்து உபுண்டு ஓட்டலாம், நெருக்கமாகத்தான் இருக்கும். லுபுண்டு போன்ற எளிய லினக்ஸ் என்றால் 2 ஜிபியில் சமாளிக்கலாம். மொத்தமே 4 ஜிபிதான் என்றால், திரையில் எழுத்து மட்டும் வரும் டெபியனுக்கு 1 ஜிபி கொடுத்துப் பழகுங்கள். வட்டில் 25 ஜிபி இடம் வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள்.

அக்கா மகனிடம் இருந்தது விண்டோஸ் ஹோம், 8 ஜிபி நினைவகம். ஏழு பெயர்கள் இரண்டாகக் குறைந்தன. கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், ஒரு நிலையை அப்படியே பதிந்து வைக்கும் வசதி இலவசமாக உண்டு, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இந்த மூன்று காரணங்களுக்காக விர்ச்சுவல்பாக்ஸை எடுத்தோம். விஎம்வேரை எடுத்திருந்தாலும் தவறில்லை. அன்றே ஒன்றை எடுத்து நிறுவுவதுதான் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

தொடங்கும்போது இடறும் இடங்கள்

சரி என்று நிறுவி, 'தொடங்கு' என்று அழுத்தினோம். ஏதோ பிழைச் செய்தி. பையன் முகம் வாடிவிட்டது. "பார்த்தீங்களா சின்னம்மா, நான் தொட்டாலே இப்படித்தான்."

சங்கதி சின்னது. செயலிக்கு மெய்நிகராக்கத் திறன் உண்டு, ஆனால் அந்தக் கணினியில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் செயலியைப் பார்த்தால், மெய்நிகராக்கம் இயங்குகிறதா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். இல்லை என்றால், கணினியை மறுபடி தொடங்கும்போது பயாஸ் அமைப்புக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல் செயலியில் விடி-எக்ஸ் என்றும், ஏஎம்டி செயலியில் எஸ்விஎம் என்றும் பெயர் இருக்கும். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று, விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் ஓரத்தில் சில கணினிகளில் பச்சை ஆமை ஒன்று தெரியும். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்கமும் பின்னால் ஓடுகிறது, அதனால் வேகம் குறையலாம் என்பது அதன் பொருள். பழகுவதற்கு ஆமை வேகமே போதும். அதை விரட்டுகிறேன் என்று பாதுகாப்பு அமைப்புகளை எல்லாம் அணைக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். வெளிக் கணினியில் இருக்கும் ஒரு கோப்புறையை உள்ளே இருக்கும் கணினிக்கும் பகிரும் வசதி ஒன்று உண்டு. வசதியானதுதான். ஆனால் அது பயிற்சி அறைக்கும் நேரலைக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்து வைப்பது போல. எழுதும் உரிமையோடு பகிர்ந்த கோப்புறையை உள்ளேயிருந்து அழித்தால், வெளியேயும் அழியும். அக்கா மகன் முதல் நாளே அம்மாவின் கோப்புறையைப் பகிரப் போனான், கையைப் பிடித்து நிறுத்தினேன்.

முதல் மாதம் என்ன செய்வது?

முதல் வாரம், லினக்ஸை நிறுவுங்கள். ஓடியதும் அந்த நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு வேண்டுமென்றே உடையுங்கள். அக்கா மகனுக்கு நான் கொடுத்த முதல் வேலை, உள்ளே இருக்கும் கணினியை முழுவதும் அழித்துக் காட்டு என்பதுதான். கட்டளையைத் தட்டிவிட்டு ஒரு நிமிடம் அழுத்தாமலே உட்கார்ந்திருந்தான். அழுத்தினான். எல்லாம் போயிற்று. ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினான், எல்லாம் வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மறுபடியும் ஒரு முறை அழித்துப் பார்த்தான்.

இரண்டாம் வாரம், அதிலே ஒரு வலைத்தளச் சர்வரை ஓட்டுங்கள். மூன்றாம் வாரம், இரண்டாவது மெய்நிகர் கணினியை உருவாக்கி, ஒன்று மற்றொன்றோடு பேசும்படி வலைப்பின்னலை அமையுங்கள். நினைவகம் குறைவென்றால் இரண்டையும் எழுத்துத் திரையோடு வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் வாரம், எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் குறிப்பைப் பார்க்காமல் மறுபடி கட்டுங்கள்.

ஒரு மென்பொருளை மட்டும் படித்தால் போதுமா, வேலைக்குப் போகும் இடத்தில் வேறு ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று அவனும் கேட்டான். விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐயையே பாருங்கள். பலர் வீட்டில் வைத்துப் பழகிவந்த அதன் இலவசப் பதிப்பை 2024 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். நிறுவனம் கைமாறும், விலை மாறும், பொத்தான் இருக்கும் இடம் மாறும். நினைவகத்தைப் பங்கிடுவது, வட்டுக் கோப்பு, ஸ்னாப்ஷாட், வலைப்பின்னல் வகைகள் ஆகியவை எங்கு போனாலும் இதே பொருளில்தான் வரும். அமேசான் 2006இலிருந்து வாடகைக்கு விடுவதும் மெய்நிகர் கணினிகளைத்தான். 2024 ஆகஸ்டில் அவர்கள் மலேசியாவிலேயே தங்கள் தரவு மையங்களைத் திறந்தார்கள். ஜொகூரில் எழும்பும் தரவு மையங்களைப் பற்றி நாளிதழில் படிக்கிறோமே, அங்கெல்லாம் ஒரு கணினிக்குள் பல கணினி என்ற இந்த ஏற்பாடு அன்றாட வேலை. முதல் மென்பொருளைக் கையில் எடுத்தவனுக்கு இரண்டாவதைப் பழக அதிக நாள் ஆகாது. ஏழையும் காணொளியில் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு முதலாவதே வராது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஸ்னாப்ஷாட் என்பது காப்பு நகல் ஆகாது. மடிக்கணினி விழுந்து உடைந்தால், உள்ளே இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்துதான் போகும். பிள்ளை பழகத் தொடங்குவதற்கு முன், முக்கியக் கோப்புகளை ஒரு வெளி வட்டில் நகல் எடுத்துத் தனியே வையுங்கள். அக்கா இப்போது வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றிய கையோடு நகல் எடுக்கிறார்.

அக்கா மகன் முதல் மாதத்தில் ஒன்பது முறை அந்தக் கணினியை உடைத்தான். எப்படி உடைந்தது, எப்படிச் சரி செய்தான் என்று ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் இப்போது அந்த நோட்டைக் கேட்டு வருகிறார்களாம்.

போன வாரம் கிள்ளானுக்குப் போயிருந்தேன். அக்கா அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். கூடத்தில் மகன் அதே மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். எண்ணெய்ச் சத்தத்துக்கு மேலே அக்காவின் குரல்:

"இன்னிக்கு எத்தனை தடவைடா உடைச்ச?"

"ரெண்டு தடவைம்மா."

"சரி, முடிச்சிட்டு வந்து போத்தலுக்கு மூடி போடு."

அடுத்த ஞாயிறு சந்திப்போம். அதற்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து வையுங்கள்.